ஓய்வு இருவருக்கும் உரியது



மாதத்தின் கடைசி நாளில் அலுவலகங்களில் நடைபெறும் பணிநிறைவுப் பாராட்டு விழாக்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். சந்தன மாலை, பொன்னாடை, சுவர்க் கடிகாரம், நினைவுப் பரிசு எல்லாம் உண்டு. "முப்பத்தைந்து ஆண்டுகள் ஓடாய்த் தேய்ந்துவிட்டார். இனியாவது வீட்டில் நிம்மதியாக ஓய்வெடுக்கட்டும்" என்று ஒருவர் பின் ஒருவராக வாழ்த்துவார்கள். அவருடைய மனைவியையும் மேடைக்கு அழைத்து, ஓரத்து நாற்காலியில் அமர்த்தி, அவருக்கும் ஒரு சால்வை அணிவிப்பார்கள். அந்த அம்மையார் ஃபஜ்ரு தொழுகைக்கு எழுந்தவர், சமையலை முடித்துவிட்டு விழாவுக்கு வந்திருப்பார். வீடு திரும்பியதும் உடன் வந்த உறவினர்க்கெல்லாம் தேநீர் போடப் போகிறவரும் அவரே. அவருடைய பணிநிறைவு நாள் எது என்று அந்த மேடையில் எவரும் கேட்பதில்லை.

ஓய்வு பெறுபவர் ஒருவர் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் கணவர் அலுவலகம் செல்வதை நிறுத்தும் நாளில் இருவருடைய வாழ்க்கையும் மாறுகிறது. கணவருக்கு வேலை குறைகிறது. பல வீடுகளில் மனைவிக்கு அன்றிலிருந்துதான் வேலை கூடுகிறது. ஓய்வுக்காலத்து மனக்கசப்புகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கணக்கை எண்ணிப் பாராததால் விளைபவை. இத்திங்கள் அதைப் பற்றிச் சற்றே சிந்திப்போம்.

தேதி குறித்த ஓய்வு

ஒரு குறிப்பிட்ட நாளில் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது மனித வரலாற்றில் மிகப் புதிய வழக்கம். நம் பாட்டனார் வயலிலும் தறியிலும் கடையிலும் உழைத்தார்கள். உடல் வலிமை குறையக் குறைய வேலையும் சிறிது சிறிதாகக் குறைந்தது. மகன் கல்லாப்பெட்டியில் அமர்ந்தபின், தந்தை கடைத் திண்ணையில் அமர்ந்து வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருப்பார். அவருக்கென்று ஓர் இடம் இருந்தது.

1889ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிஸ்மார்க் ஆட்சியில் முதுமைக் காப்பீட்டுச் சட்டம் வந்தபோது, உதவித்தொகை பெறும் வயது 70 என்று வகுத்தார்கள். 1908இல் பிரிட்டனில் வந்த முதியோர் ஓய்வூதியச் சட்டமும் 70 வயதையே குறித்தது. நம் நாட்டில் மத்திய அரசு ஊழியரின் ஓய்வு வயது 1998இல் 58இலிருந்து 60 ஆயிற்று. தமிழக அரசு 2020இல் 58ஐ 59 ஆக்கியது. 2021இல் 60 ஆக்கியது.

ஓய்வூதியம் அரசு போடும் பிச்சையன்று, உழைத்தவர் ஈட்டிய உரிமை என்பதை உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் நிலைநாட்டியது. அந்நாளை ஓய்வூதியர் நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். உழைத்தவருக்கு ஓய்வு உரிமை என்ற அந்த நீதி சாலப் பொருந்தும். ஆனால் அதே முப்பத்தைந்து ஆண்டுகள் அவருக்குச் சோறாக்கி, துணி துவைத்து, பிள்ளைகளை வளர்த்தவருடைய உழைப்பு எந்தப் பணிப்பதிவேட்டிலும் ஏறவில்லை. அதற்கு ஓய்வு வயதும் இல்லை.

நம் நாட்டில் 60 வயதை எட்டியவர் சராசரியாக மேலும் 17, 18 ஆண்டுகள் வாழ்கிறார். ஒரு பிள்ளை பிறந்து பள்ளிப் படிப்பை முடிக்கும் அளவுக்கு நீண்ட காலம் அது. அத்துணை ஆண்டுகளை இருவரும் ஒரே கூரையின்கீழ் இரவும் பகலும் கழிக்க வேண்டும். அதற்கு ஓர் ஒழுங்கு வேண்டாமா?

பகல் யாருடையது?

ஓய்வு பெற்ற முதல் வாரம் விருந்தினர் வருகையில் கழிந்துவிடும். இரண்டாம் வாரத்திலிருந்து வீட்டுக்காரரின் பார்வை வீட்டின்மேல் விழுகிறது. முப்பதாண்டு கோப்புகளில் பிழை கண்டுபிடித்த கண் அல்லவா! "எரிவாயு உருளை நாற்பது நாள் வரவேண்டியது, ஏன் முப்பது நாளில் தீர்ந்தது?" "மளிகைப் பட்டியலை ஏன் எழுதி வைப்பதில்லை?" "குழாயை யார் திறந்து விட்டது?" கேள்விகள் தவறானவை அல்ல, கேட்பவருக்குக் கெட்ட எண்ணமும் இல்லை. ஆயினும், முப்பதாண்டு காலமாக ஒரு குறையுமின்றி வீட்டை நடத்தியவருக்கு, திடீரென ஒரு மேலதிகாரி வந்து சேர்ந்தது போல் தோன்றுகிறது.

அத்துடன் இன்னொன்றும் நிகழ்கிறது. கணவர் காலை ஒன்பதுக்குப் புறப்பட்டு மாலை ஆறுக்குத் திரும்பிய காலத்தில், அந்த இடைப்பகல் இல்லத்தரசிக்குச் சொந்தமாக இருந்தது. லுஹர் தொழுதுவிட்டுச் சற்றே கண்ணயர்வார். குர்ஆன் ஓதுவார். அண்டை வீட்டாருடன் பேசுவார். தங்கையிடம் தொலைபேசியில் மனத்திலுள்ளதைச் சொல்லி ஆறுவார். மதியத்துக்குக் காலையில் மிஞ்சிய இட்லியே போதும் என்று விட்டுவிடுவார். இப்போது பதினொரு மணிக்குத் தேநீர், ஒன்றரை மணிக்குச் சுடச்சுடச் சோறு, நான்கு மணிக்கு மறுபடியும் தேநீர். தொலைபேசியை எடுத்தால், "யார் பேசுவது?" என்று கூடத்திலிருந்து குரல். தம்மையறியாமலே மனைவியின் ஒரே ஓய்வு நேரத்தைக் கணவர் எடுத்துக்கொண்டார்!

கணவரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. நேற்றுவரை நான்கு பேர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள், கையெழுத்துக்காகக் காத்திருந்தார்கள். இன்று கைப்பேசி மணி அடிப்பதே அரிதாகிவிட்டது. தாம் எவருக்கும் வேண்டாதவராகிவிட்டோமோ என்ற ஐயம் உள்ளூர அரிக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்ல ஆண்மகனுக்குக் கூச்சம். சொல்லாத துயரம் கோபமாக வெளிவருகிறது. குழாய் சொட்டுவதைப் பற்றிய சண்டை உண்மையில் குழாயைப் பற்றியதன்று. இதை மனைவி உணர்ந்துகொண்டால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

முப்பது ஆண்டில் முப்பது மாதம்

நம் ஊர்களில் இன்னொரு வகை ஓய்வும் உண்டு. துபாயிலும் ஜித்தாவிலும் குவைத்திலும் முப்பது ஆண்டுகள் உழைத்துவிட்டு, "இனிச் சபர் போதும்" என்று ஊர் திரும்புகிறவர்களின் ஓய்வு அது.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு என்றால், முப்பது ஆண்டில் பதினைந்து விடுப்புகள், அதாவது முப்பது மாதங்கள். முப்பதாண்டுத் தாம்பத்தியத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்தது இரண்டரை ஆண்டு! அந்த இரண்டரை ஆண்டும் விருந்தும் பயணமுமாகக் கழிந்தவை. குடும்ப அட்டை, பள்ளிக் கட்டணம், கூரை ஒழுகல், மாமியாரின் மருத்துவம், மகளின் திருமணப் பேச்சு எல்லாவற்றையும் அந்தப் பெண்ணே தனித்து நின்று முடித்திருக்கிறார். பணம் வந்தது உண்மை. அதைக் கொண்டு குடும்பத்தை நடத்திய அறிவு அவருடையது.

இந்த வீட்டுக்குள் அறுபது வயதில் ஒருவர் நிரந்தரமாக வந்து சேர்கிறார். இவ்வளவு காலமும் வரும்போதெல்லாம் பெட்டி நிறையப் பொருள்களோடு வந்தவர், இம்முறை தம்மோடு மட்டும் வருகிறார். "வாப்பா எப்போது திரும்பப் போகிறார்கள்?" என்று பேரப்பிள்ளை வெள்ளந்தியாகக் கேட்கிறது. வீட்டுத் தலைவர் என்ற உரிமையோடு எல்லாவற்றையும் தம் கைக்குள் கொண்டுவர முயல்கிறார். வீடு அவர் இல்லாமல் ஓடப் பழகியிருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்வது அவருக்குப் பெரும் வேதனை.

பொருளாதாரமும் நெருக்குகிறது. வளைகுடாவில் உழைத்தவருக்கு மாதந்தோறும் ஓய்வூதியம் இல்லை. பணி முடிவில் ஒரு மொத்தத் தொகை மட்டுமே உண்டு. ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதன்பின் ஆண்டொன்றுக்கு 30 நாள் சம்பளம். மொத்தம் இரண்டாண்டுச் சம்பளத்தைத் தாண்டலாகாது. முப்பதாண்டு உழைத்தவருக்கும் அவ்வளவுதான். ஊரார் கண்ணுக்கு அவர் இன்னமும் "துபாய்க்காரர்". கடன் கேட்போரும், கூட்டு வியாபாரத்துக்கு அழைப்போரும் வாயிலில் நிற்பார்கள்.

அத்தகைய சகோதரருக்கு நாம் சொல்வது இதுதான். முதல் ஓராண்டு வீட்டின் நிர்வாகத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், மாற்ற முற்படாதீர்கள். யாரிடம் பால் வாங்குகிறார்கள், எந்த மருத்துவரிடம் போகிறார்கள், எந்த உறவினருடன் எவ்வளவு நெருக்கம் என்பதற்கெல்லாம் காரணங்கள் இருக்கும். மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் இழிவு ஏதுமில்லை. வெளிநாட்டில் புதிய வேலையில் சேர்ந்தபோது, முன்னால் வந்தவரிடம் கேட்டுத்தானே தொழில் பழகினீர்கள்?

ஒரு வேலையை முழுமையாக ஏற்பது

அண்ணலார் (ஸல்) அவர்கள் இல்லத்தில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. வீட்டாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்றும் அன்னையார் விடையளித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அரசும் படையும் நடத்திய ஒருவருக்கு வீட்டுவேலை இழுக்காகத் தோன்றவில்லை. ஓய்வூதியருக்கு மட்டும் அது ஏன் இழுக்காக வேண்டும்?

ஆனால் "உதவி" என்ற பெயரில் செய்வது பல வேளைகளில் தொல்லையாகவே முடிகிறது. வெங்காயம் நறுக்க வந்தவர் கத்தி எங்கே, பலகை எங்கே, எவ்வளவு பொடியாக என்று பத்துக் கேள்வி கேட்டு, தோலைச் சிதறவிட்டுப் போனால், மனைவிக்கு வேலை இரட்டிப்பாகிறது. ஆகவே, துண்டு துண்டாக உதவுவதை விட்டு, ஏதேனும் ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவுவரை முழுமையாக ஏற்றுக்கொள்ளுங்கள். காலைச் சிற்றுண்டியை எடுத்துக்கொண்டால், மாவு தீர்ந்ததைக் கவனிப்பதும், சட்டினி அரைப்பதும், பாத்திரம் கழுவி அடுப்பைத் துடைப்பதும் உங்களுடையதே. மீனும் காய்கறியும் வாங்கும் பொறுப்பை ஏற்றால், மீன் ஆய்ந்து தருவதுவரை உங்களுடையது. அந்த ஒரு வேலையைப் பற்றி மனைவி நினைத்துப் பார்க்கவே தேவையில்லை என்ற நிலை வரவேண்டும். அதுவே அவருக்கு நீங்கள் அளிக்கும் ஓய்வு.

சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. அவர் வாங்கிவரும் கத்தரிக்காயில் இரண்டு சொத்தையாக இருக்கத்தான் செய்யும். பிள்ளைகள் முன்னிலையில் அதை எடுத்துக்காட்டிச் சிரிக்காதீர்கள். உங்கள் முறையிலிருந்து மாறுபட்டு அவர் செய்தாலும் வேலை முடிந்தால் போதும் என்று விட்டுவிடுங்கள். முப்பதாண்டு ஆண்ட அடுப்படியில் ஒரு மூலையை விட்டுக்கொடுப்பது எளிதன்று. ஆயினும் விட்டுக்கொடுத்தால்தான் உங்களுக்கும் கை ஓயும். வாரத்தில் ஒருநாள் அடுப்படிக்கு நீங்கள் போகாத நாளாக இருக்கட்டும்.

பணமும் பத்திரங்களும்

இனிச் சற்றுக் கடினமான செய்திக்கு வருவோம். பல வீடுகளில் ஓய்வூதியப் புத்தகம் எங்கே இருக்கிறது, எந்த வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பது மனைவிக்குத் தெரியாது. "அவளுக்கு எதற்கு இந்தக் கவலை" என்ற அன்புதான் காரணம். அந்த அன்பு ஒருநாள் அவரை அலுவலக வாசல்களில் நிறுத்திவிடும்.

பழைய திட்டத்தில் ஓய்வு பெற்ற அரசு ஊழியருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம். அவர் மறைந்தபின் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் பொதுவாக 30 விழுக்காடு. அதாவது வரவு ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடும். தனியார் நிறுவனங்களில் உழைத்தவர்க்கு வருங்கால வைப்புநிதித் திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியமாக 2014இல் குறிக்கப்பட்டது மாதம் 1000 ரூபாய்தான். இந்தக் கணக்குகளை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து இப்போதே பார்க்க வேண்டும். ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கினால், 15 ஆண்டுகள் கழித்தே அப்பகுதி மீண்டும் சேரும். மொத்தத் தொகை கையில் இருக்கும்போது மாத வரவு குறைந்ததை மறந்துவிடாதீர்கள்.

நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நிக்காஹ் பதிவேட்டில் "பாத்திமா பீவி". குடும்ப அட்டையில் "பாத்திமுத்து". ஆதார் அட்டையில் "பாத்திமா". ஓய்வூதிய ஆணையில் "பாத்திமா பேகம்". வீட்டில் எல்லாம் ஒருவரே. அலுவலகத்தில் நான்கு பேர்! கணவர் உயிரோடிருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் தீரக்கூடிய இந்தப் பிழை, அவர் மறைந்தபின் மாதக்கணக்கில் அலையவைக்கும். இந்த வாரமே எல்லா ஆவணங்களையும் எடுத்து, பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். வங்கிக் கணக்கை இருவர் பெயரிலும் மாற்றுங்கள்.

பாகப்பிரிவினைச் சட்டத்தின்படி, பிள்ளைகள் இருக்கும்போது கணவர் சொத்தில் மனைவியின் பங்கு எட்டில் ஒன்று. இருக்கும் ஒரே வீட்டைப் பாசத்தால் மகன்களுக்கு ஹிபாவாகக் கொடுத்துவிட்டால், அந்த எட்டில் ஒன்றும் இல்லாமற் போகும். ஹிபா நிறைவேற, கொடுப்பவர் கொடுப்பதாக அறிவிப்பதும், பெறுபவர் ஏற்பதும், உடைமையை ஒப்படைப்பதும் தேவை. ஒப்படைத்தபின் அது உங்களுடையதன்று. பெற்றோரைப் பராமரிக்கும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்கத் தவறினால் மீட்க, 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் வழிசெய்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். ஆனால் தாய் மகனுக்கெதிராக அங்கே போய் நிற்கும் நிலை எதற்கு? உங்களுக்குப்பின் அவர் எங்கே வாழ்வார் என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே வீட்டைப் பற்றி முடிவெடுங்கள். கொடுக்காத மஹர் இருந்தால் அதையும் இப்போதே கொடுத்துத் தீருங்கள். அது அவருக்குரிய கடன்.

வட்டியை வெறுத்து ஒதுங்கும் நம்மவரின் ஓய்வுப் பணத்துக்கு "ஹலால் இலாபம்" என்ற பெயரில் வலைவிரிப்போரும் உளர். 2019இல் பெங்களூரில் ஐ.எம்.ஏ. நிறுவனம் வீழ்ந்தபோது பல்லாயிரம் குடும்பங்களின் சேமிப்பு மூழ்கியது. மனைவியைக் கேட்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடுவதில்லை என்று உறுதிகொள்ளுங்கள். மூன்றாம் வீட்டுக்காரரிடம் கைமாற்று வாங்கி, நகையை அடகு வைத்து, மாதக் கடைசியைக் கடந்து பழகிய பெண்களுக்கு ஏமாற்றுப் பேச்சின் வாடை எளிதில் தெரியும்.

வீட்டுக்கு வெளியே மூன்று மணி நேரம்

ஐவேளைத் தொழுகை நம் நாளுக்கு ஐந்து தூண்களை நட்டுத் தந்திருக்கிறது. இடைப்பட்ட நேரத்தை நிரப்புவதுதான் நம் பொறுப்பு. காலை பத்து மணிமுதல் லுஹர் வரை வீட்டுக்கு வெளியே ஒரு கடமையை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

கருவூலத்தில் பணியாற்றியவர் மஹல்லாவின் பைத்துல்மால் கணக்கைச் சீர்செய்து தரலாம். ஆசிரியர், கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கத் திணறும் மாணவரை மதரஸாத் திண்ணையில் அமர்த்தி வழிகாட்டலாம். வளைகுடாவில் மின்பணியாளராக இருந்தவர் நான்கு இளைஞருக்கு அத்தொழிலைக் கற்பிக்கலாம். முதியோர் உதவித்தொகை மனு எழுதத் தெரியாமல் தவிக்கும் விதவையர் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். பதவியையோ தலைவர் நாற்காலியையோ எதிர்பாராமல் போய் அமருங்கள். உங்களை நாடி வருவோர் தாமே வருவார்கள். வேண்டாதவராகிவிட்டோம் என்ற அந்த உள்ளரிப்புக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. அந்த மூன்று மணி நேரம் உங்கள் துணைவிக்கு அவருடைய பகலைத் திருப்பித் தருகிறது என்பது இன்னொரு நன்மை.

ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மனிதரில் பலர் அருமை அறியாது இழந்துவிடும் இரு அருட்கொடைகள் என்பது நபிமொழியின் கருத்து. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சோதிக்கப் போகும்போது மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். தமக்கு ஒன்றுமில்லை என்றே அவர் சொல்வார். நாற்பதாண்டாக அப்படித்தான் சொல்லிவருகிறார்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்

"அத்தா இப்போது சும்மாதானே இருக்கிறார்கள், அம்மாவும் வீட்டில்தானே இருக்கிறார்கள்" என்று பேரப்பிள்ளைகளை நாள்முழுதும் ஒப்படைத்துவிட்டுப் போவது இன்று வழக்கமாகிவருகிறது. பேரரைக் கொஞ்சுவது பேரின்பம்; கட்டாயப் பணியானால் அது பாரம். முதலில் கேளுங்கள். இயலாது என்று அவர்கள் சொன்னால் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். தாயை ஆண்டுக்கு ஒருமுறையாவது அவருடைய சகோதரிகள் வீட்டுக்குத் தனியே அனுப்பிவையுங்கள். அந்த நாள்களில் தந்தைக்குச் சமைப்பது யார் என்ற கேள்வி எழாதபடி, தந்தையார் முன்பே பழகியிருப்பார்!

பணிநிறைவுக்கு இன்னும் ஓரிரு ஆண்டுகள் இருக்கும் சகோதரர்களே! அந்த நாள் வரட்டும் என்று காத்திராதீர்கள். இன்றிரவு உணவு முடிந்ததும் துணைவியாரிடம் ஒன்று கேளுங்கள். "நான் வீட்டோடு வந்துவிட்டால், உன் பகலில் எந்த நேரம் உனக்கென்று இருக்க வேண்டும்?" இதுவரை எவரும் கேட்டிராத கேள்வி ஆகையால் அவர் உடனே விடை சொல்லமாட்டார். பொறுத்திருந்து கேளுங்கள். அவர் சொல்லும் விடையிலிருந்து உங்கள் ஓய்வுக்காலத்தின் நாள்முறையை இருவருமாக வகுத்துக்கொள்ளலாம். இன்ஷா அல்லாஹ், அது இருவருக்கும் நிம்மதி தரும் காலமாக அமையும்.